பிளேசியாரின் வலது கை

எங்கள் ஆக்ஸ்பர்க் நகரில் புனிதர் படங்களைச் செம்புத் தகட்டில் வரைந்து அச்சடிக்கும் வால்புர்கா இடக்கைக்காரி. புனித பிளேசியார் திருநாளுக்கு மூன்று நாள் முன்பு எடுத்த முதல் அச்சில், புனிதர் வலது கைக்குப் பதிலாக இடது கையால் ஆசீர்வதித்தார். அச்சில் இடவலம் மாறிவிடும் என்பதை அவசரத்தில் மறந்து, தகட்டில் வலது கையை உயர்த்தி வரைந்திருந்தாள்.

“பீச்சாங்கைக்காரிகிட்ட வேலையக் குடுத்தா இப்படித்தான்!” என்றார் பங்குச் சாமியார்.

“தப்பு என் தலையில சாமி, கையில இல்ல.”

அன்றே புனிதரின் இரண்டு கைகளையும் சுரண்டியெடுத்து, தகட்டைப் பின்புறம் தட்டிச் சமப்படுத்தினாள். மெழுகு பூசி, இம்முறை இடது கையை உயர்த்தி ஊசியால் மறுபடி வரைந்து, கோடுகள் செம்பில் அரித்துப் பதிய அமிலத்தில் இட்டாள்.

திருநாளன்று கோயிலில் எல்லோருக்கும் முன்பாகச் சாமியார் படத்திலிருந்த வலது கையை முத்தமிட்டார். அதை வரைந்தது பீச்சாங்கை.