முனீஸ் காருக்கு மாட்டிய திறந்த பில்டர்

முனீஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நல்லூரில் எங்கள் காம்பவுண்டில் அடுத்த வீட்டுக்காரன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் பிட்டராக இருந்தான். பனியன் துணி பின்னும் மெஷின்கள் ஓடுகிற கூடத்தில் பஞ்சு காற்றோடு காற்றாகக் கலந்திருக்கும். அதை முழுங்கி முழுங்கி அவனுக்கு இளைப்பு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வான். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: மருந்து பாதிதான், பஞ்சுக்குள் போகாமல் இருப்பதுதான் மீதி.

அப்படித்தான் கார் வந்தது. அவன் மனைவி வேல்விழி கழுத்தில் கையில் கிடந்ததையெல்லாம் கழற்றிக் கொடுத்தாள். பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினார்கள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலையும் கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக இருமல் அடங்கியது. மாடிக்கு ஒரே மூச்சில் ஏறினான். வேல்விழி சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இருந்ததை இருந்தபடி ஓட்டியிருக்கலாம். தாராபுரம் ரோட்டில் ஒரு கார் அலங்காரக் கடைக்காரன் அவன் காதில் ஓதிவிட்டான். கார்க் கம்பெனி மாட்டித் தருகிற, காற்றை வடிகட்டும் பெட்டி எஞ்சினின் மூக்கைப் பொத்துகிறதாம்; அதைக் கழற்றிவிட்டுத் பெட்டியே இல்லாத, கூம்பு மாதிரியான திறந்த கோன் பில்டரை மாட்டினால் பிக்கப் கூடுமாம், டீசல் மிச்சமாகுமாம். மூச்சு முட்டிப் பழகியவனிடம் மூச்சைப் பற்றிச் சொன்னால் விழாமல் இருப்பானா? மாட்டிக்கொண்டு வந்தான். பழைய பெட்டியை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வேறு வந்தான், மகராசன்.

"ஆறுச்சாமிண்ணே, சத்தத்தைக் கேளுங்க. எப்படி மூச்சு விடுது பாருங்க," என்று ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டினான்.

"ஏந்தம்பி, சத்தம் பெருசா வந்தா வண்டி வேகமாப் போயிருமா?" என்றேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த பில்டர் எண்ணெய் தடவிய துணிவலை. அழுக்கானால் அதற்கென்று உள்ள திரவத்தில் கழுவி, காயவைத்து, லேசாக எண்ணெய் தடவ வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருந்ததாம். முனீஸா கேட்பான்? நிட்டிங் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான், ஏர் கன். கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சி மெஷினில் ஒட்டிய பஞ்சை ஊதுவார்கள். ஷிப்ட் முடிந்தால் அதே காற்றில் தலையையும் சட்டையையும் ஊதிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். இவன் வாராவாரம் பழைய கம்பெனிக்குப் போய், உள்ளே காலெடுத்து வைக்காமல் வாசலில் நின்றபடியே பில்டரை ஊதினான். தன் மூச்சு விஷயத்தில் மட்டும் அவ்வளவு ஜாக்கிரதை. ஊதி முடித்து, மெஷின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெயை அதன்மேல் தாராளமாக ஊற்றினான்.

கார் கரும்புகை தள்ள ஆரம்பித்தது. பாலம் ஏறத் திணறியது. பில்டர்தான் அடைத்திருக்கிறது என்று அவன் இன்னும் பலமாக ஊதினான், இன்னும் எண்ணெய் விட்டான். "ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டுங்களேன்," என்று வேல்விழி கெஞ்சினாள்.

"நான் பிட்டரு. பஞ்சை எப்படி எடுக்கணும்னு எனக்கா ஒருத்தன் சொல்லித் தரணும்?" என்று அவள் வாயை அடைத்தான்.

ஒரு நாள் காலையில் எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜரைக் கோவை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். அவிநாசி தாண்டியதும் கார் நீலப்புகை கக்கி நின்றது. மேனேஜர் விமானத்தைத் தவறவிட்டார். சாயங்காலத்துக்குள் அந்த வேலை வேறு வண்டிக்குப் போய்விட்டது.

நல்லூரில் மெக்கானிக் தௌபிக் எஞ்சினைப் பிரித்தபோது நானும் கூட நின்றேன். பில்டரை வெயிலுக்கு நேராகப் பிடித்தான். வலை விலகி, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது.

"ஏர் கன்ல ஊதுனீங்களா?" என்றான். முனீஸ் தலையை ஆட்டினான்.

"ஊதி ஊதி வலை விட்டுப்போச்சுங்க. ரோட்டு மண்ணு பூரா உள்ள போயி சிலிண்டரைத் தேச்சிருக்குது; எஞ்சின் ஆயிலே எரிஞ்சு நீலப்புகை வந்தது அதனாலதானுங்க. நீங்க ஊத்துன எண்ணெய் காத்தை அளக்கற சென்சார்ல அப்பியிருக்குது. கரும்புகை அதனாலதானுங்க."

"அப்ப இந்த பில்டரே கெட்டதுதானா?" என்று நான் கேட்டேன்.

"அப்படிச் சொல்ல மாட்டனுங்க. முறையாக் கழுவி, அளவா எண்ணெய் தடவி வெச்சா அது பாட்டுக்கு இருக்குமுங்க. ஆனா நம்ம ஓட்டற ஓட்டத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லீங்க. பெட்டி இல்லாம எஞ்சின் சூட்டுக் காத்தையேதான இழுக்குது? சத்தந்தான் கூடும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கடைக்காரனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. முனீஸையும்தான். ஆனால் அவன் அந்த பில்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வேறு எஞ்சின் போட்டால் கார் ஓடும் என்றான் தௌபிக். அதற்கு வழியில்லை. கார் பட்டறைச் சுவரோரம் நின்றது. முனீஸ் நிட்டிங் கம்பெனியின் பழைய முதலாளி மகுடேஸ்வரனிடம் மறுபடி வேலை கேட்டுவிட்டு வந்தான்.

"கொஞ்ச நாள்தாண்ணே. எஞ்சினுக்குப் பணம் சேர்ந்ததும் வெளிய வந்துருவேன்," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அவன் உள்ளே போனதும் வேல்விழி வாசலுக்கு வந்தாள். அவள் அழவில்லை. "காருக்கு வேற எஞ்சின் போட்டுக்கிடலாம்னு சொல்றாக. இவுகளுக்கு எதைண்ணே போடுவாக?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனான். மறுவாரமே பக்கத்து வீட்டில் இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.