தாமோதரன் எடுத்துக் கொடுத்த தண்ணீர்

பழவேற்காடு ஏரிக்கரையில் மேட்டுக்குப்பத்துத் தாமோதரனைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் ஒன்றைச் சொல்வார்கள்: முறை தப்பாத மனுஷன். ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பேர். இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர் என்று முறை வைத்துத்தான் போடுவார்கள். அடுத்த ஊர் முறையன்று அங்கே படகைக் கொண்டுபோவது, அடுத்த வீட்டுச் சோற்றுப் பானையில் கை விடுகிற மாதிரி. ஒருதரம் சொந்தத் தம்பி ரங்கனே முறை தப்பி வலை போட்டுவிட்டான். தாமோதரன் அவனை ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார். அன்றோடு தம்பி வீட்டில் பேச்சுவார்த்தை போயிற்று. நேர்மையான ஆட்களிடம் இந்தக் கோளாறு உண்டு. தங்கள் நேர்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தாமோதரனும் பார்த்ததில்லை.

ஒரே மகள் அர்ச்சனாவைப் பத்து வருஷத்துக்கு முன்னால் ஏரியின் தென்கோடியில், ஓடைக்குப்பத்து முத்துராஜுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அந்த ஊர் ஓடை இறாலுக்குப் பேர்போனது. கல்யாணமான மறுவருஷம் பக்கத்தில் ஒரு ஆலை வந்து, குழாய் போட்டு ஓடையில் சுடுதண்ணீரை விட ஆரம்பித்த பிறகு இறால் பாதியாகக் குறைந்தது. இப்போது இரண்டாவது குழாயும் போடப் போகிறார்களாம். அதுவும் வந்தால் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று மருமகன் சொல்லிவிட்டான். மகள் தண்ணீரை விட்டுப் போய் எங்கேயோ ஒண்டுக்குடித்தனம் இருப்பதை நினைத்தாலே தாமோதரனுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது குழாய்க்காகப் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஓடைக்குப்பத்துப் பெண்கள் செத்த மீனைக் கூடையோடு கொண்டுவந்து மேடை முன்னால் வைத்தார்கள். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. நல்ல மனிதர்தான்.

"நீங்க சொல்றதை நான் மறுக்கலைம்மா. ஆனா நிபுணர்கள் நாலு பேர் தனித்தனியா அறிக்கை கொடுத்திருக்காங்க. ஏரித் தண்ணி நல்லா இருக்குன்னு நாலு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்களே" என்று காகிதங்களை எடுத்து வாசித்தார்.

தண்ணீர் எடுத்த இடங்கள் என்று மூன்று பெயர்கள் வந்தன. மணல்திட்டுப் பாடு, கன்னிமார் பாடு, பெரியவளைவுப் பாடு. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தாமோதரன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அந்தப் பெயர்கள் எந்த மேப்பிலும் கிடையாது. மேட்டுக்குப்பத்தார் வாயில் மட்டும்தான் உண்டு. முதல் அறிக்கையில் வந்த அதே மூன்றும் இரண்டாவதில் வந்தன, மூன்றாவதில் வந்தன, நாலாவதிலும் வந்தன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் காலேஜிலிருந்து சுபஸ்ரீ என்று ஒரு பெண் பாட்டில்களோடு வந்து அவர் படகைக் கேட்டாள். தென்கோடி ஓடைக்கும் போக வேண்டும் என்றாள்.

"இன்னிக்கு அங்க அவங்க முறைம்மா. நம்ம படகு போவக் கூடாது."

"வலை போடலையே ஐயா, தண்ணிதானே எடுக்கப் போறோம்?"

"இன்னாவா இருந்தா இன்னா? முறைன்னா முறைதான்."

அவளுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. அதனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், தன் ஊர்ப் பாடுகள் மூன்றிலும் தாமோதரனே குனிந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். கடல் தினமும் வந்து கழுவிவிட்டுப் போகிற தண்ணீர், பளிங்காக இருந்தது. அவள் எதையும் மறைக்காமல் இடத்தின் பேரைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். அதுதான் முதல் அறிக்கை. பிறகு வந்த மூன்று நிபுணர்கள் ஏரிப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் எழுதியதை எடுத்து ஆளுக்கொரு அறிக்கை போட்டுவிட்டார்கள். ஒரே கிணற்றில் நாலு குடம் மொண்டு வைத்துவிட்டு, நாலு கிணறு இருக்கிறது என்று சொன்ன கதை!

தாமோதரன் எழுந்து மைக்கை வாங்கினார்.

"ஐயா, அது நாலு பேர் எடுத்த தண்ணி இல்லீங்க. எல்லாம் ஒரே தண்ணி. நான்தான் மொண்டு குடுத்தேன், முகத்துவாரத்தாண்ட. ஓடைல ஒரு சொட்டுகூட எடுக்கல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி பெரியவரே, அப்ப ஓடைத் தண்ணிய யாரு பரிசோதனை பண்ணாங்க?"

"யாரும் பண்ணல. அத்தத்தான் சொல்றேன்."

"அப்படின்னா அது கெட்டுப்போச்சுங்கறதுக்கும் ஆதாரம் இல்லையே?"

"இப்ப வாங்க ஐயா. நானே இட்டுக்கினு போறேன். எந்த ஊரு முறையா இருந்தாலும் சரி."

அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை. ஆனால் ஆய்வுக்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்றார் அதிகாரி. தாமோதரன் சொன்னதை மட்டும் ஒருவர் எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தபோது அதில் தாமோதரனுக்குக் கிடைத்தது ஒரே வரி: மீனவர் ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார். நிபுணர்கள் நால்வரும் ஒருமித்த கருத்துடையவர்களாக இருப்பதால் இரண்டாவது குழாய்க்கு அனுமதி.

முத்துராஜுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. சாமான்களை டெம்போவில் ஏற்றுகிற அன்று தாமோதரன் போயிருந்தார். பாத்திர மூட்டையை இவர்தான் தூக்கிக் கொடுத்தார். அர்ச்சனா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நைனா, அன்னிக்கு எங்க ஓடைல ஒரே ஒரு பாட்டில் எடுத்திருக்கலாம்ல?"

"அன்னிக்கு உங்க ஊரு முறைம்மா. நான் எப்டி உள்ள வர்றது?"

"நீ ஏன் நைனா வரணும்? எங்க ஊர்க் கரைல நின்னு ஒரு கொரலு குடுத்திருந்தா, நானே மொண்டு குடுத்திருப்பனே."

ஆறு வருஷமாக இந்த யோசனை அவருக்கு வந்ததே இல்லை. டெம்போ கிளம்பியது. தாமோதரன் நடுத்தெருவில் நின்று அழுதார்.