ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை

அந்தப் புயல் எங்கள் தெருவில் பாதிக் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது. எதிர்வீட்டு அத்தையின் ஷீட் கூரை பறந்துபோய்ச் சவுக்குத் தோப்பில் சுருண்டு கிடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

அது அப்பா கத்தாரில் வெல்டிங் வேலை பார்த்து, அங்கிருந்தே கட்டிய மாடி வீடு. கூடத்தில் தளத்துக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு ஃபால்ஸ் சீலிங், நடுவில் தாமரைப்பூ. யாருடைய போனிலோ படம் பார்த்து ஆசைப்பட்டு அப்பா போடச் சொன்னது. மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் தெருவில் அதற்கு முன் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு போவார்கள்.

புயலுக்குப் பிறகு எதிர்வீட்டு அத்தை குடும்பத்தோடு எங்கள் கூடத்தில்தான் படுத்துக் கிடந்தாள். புது ஷீட் போட்டுத் திரும்பிப் போகும்போது அம்மாவிடம், "ஒனக்கென்னம்மா, மாடி வூடு, ராணி மாதிரி இருக்குற" என்றாள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அம்மா சிரித்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகுதான் அந்த வாடை எனக்குத் தெரிந்தது, பிழியாமல் சுருட்டி வைத்த துணியின் வாடை. பிறகு தாமரையின் ஓர் இதழில் டீ சிந்தியது போல ஒரு கறை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா ஸ்டூல் மேல் நின்று, காய்ச்சல் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது போல, சீலிங்கை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். அது மெத்தென்று உள்வாங்கியது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினாள். பழுப்பு நிறத் தண்ணீர் கொடகொடவென்று இறங்கி, நான் பிடித்திருந்த அன்னக்கூடை பாதி நிறைந்தது. புயல் ஓய்ந்து அத்தனை நாளாகியும் இவ்வளவு தண்ணீர் சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அம்மா ஓட்டையை வெள்ளை சிமென்டால் பூசினாள். "அப்பாகிட்ட சொல்லாத. அங்க அவரு தூக்கம் கெட்டுப் பூடும்" என்றாள்.

அடைமழைக் காலம். உப்புப் பாத்திகளெல்லாம் ஒரே ஏரியாகிவிட்டன. அம்மாவுக்கு வேலையில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஸ்டூலில் ஏறினாள், குத்தினாள், பூசினாள். மின்விசிறி வழியாகத் தண்ணீர் இறங்கியதும் அதை நிறுத்தினாள். அடுப்பங்கரை கதகதப்பாக இருக்கிறதென்று சொல்லிப் பாயை அங்கே போட்டாள். அப்பா வீடியோவில் கூப்பிட்டால் போனை மார்போடு ஒட்டித் தாழ்த்திப் பிடித்துக்கொள்வாள். வீட்டைக் கொஞ்சம் காட்டேன் என்று அப்பா கேட்டால் என் முகத்தைக் காட்டுவாள், இல்லாவிட்டால் வாசல் முருங்கையைக் காட்டுவாள். தெருவில் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. கூரை பறந்தவர்களிடம் போய் மாடி வீட்டின் குறையை எப்படிச் சொல்வது?

"ஒரு சொட்டுகூட ஒழுவலங்க." ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் இதைத்தான் சொல்வாள்.

தை பிறந்தால் அப்பாவுடைய ஒப்பந்தம் முடிகிறது. இனிமேல் போவதில்லை, கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து இரண்டு பேரும் சேர்ந்தே உப்பு வாரலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அம்மா அதை எனக்குத் தலை பின்னும்போதெல்லாம் சொல்வாள். சொல்லும்போது மட்டும் சீப்பு மெதுவாக இறங்கும்.

மார்கழியில் சீலிங்கின் ஒரு மூலை பிய்ந்து விழுந்தது. நல்லவேளை, கூடத்தில் யாருமில்லை. அம்மா தன் தம்பிக்குப் போன் செய்தாள். மாமா கோட்டக்குப்பம் பக்கம் கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். வந்து ஏணி போட்டு, அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு, போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தார். புயல் கொண்டுவந்து கொட்டிய சவுக்குச் சருகு, மழைத்தண்ணீர் கீழே இறங்கும் குழாயின் வாயை அடைத்திருந்தது. மாடியில் குளமாக நின்ற தண்ணீர் விரிசல் வழியே தளத்துக்குள் ஊறியிருந்தது.

"உப்புக் காத்துல ஏற்கெனவே துருப் புடிச்ச கம்பியெல்லாம் இப்ப ஊதியிருக்குதுக்கா. பூசுனா நிக்காது. தளத்த ஒடச்சிப் புதுசாத்தான் போடணும்."

அம்மா அவரிடமும் அதையேதான் கேட்டாள், அத்தானிடம் சொல்லாதே என்று. மாமா தலையாட்டினார். ஆனால் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார். பாசக்கார மாமா. ஊருக்குப் போன கையோடு சொல்லிவிட்டார்.

மறுநாள் மாலை அப்பா கூப்பிட்டார். கோபமே இல்லை. இதைப் போய் மறைப்பார்களா, நான் எதற்கு இருக்கிறேன் என்று ஆறுதலாகப் பேசினார். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பழையதைவிட நல்ல தளமாகவே போட்டுவிடலாம், சீலிங்கும் உனக்குப் பிடித்த டிசைனில் நீயே பார்த்து எடு என்றார். அம்மா, "சரிங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சரிங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு அந்தத் தாமரைக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். விளக்குப் போடவில்லை.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எதிர்வீட்டுக்கு ஓடினேன். அத்தை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குப் புதுத் தளம் வரப்போகிறது, புது சீலிங்கும் வரப்போகிறது, அதற்காக அப்பா இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கப்போகிறார் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அத்தை பொறாமைப்படுவாள் என்று பார்த்தேன். அவள் அரிவாள்மனையைச் சாய்த்தாள், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் போனாள்.

இடிக்கப்போகிற தளத்தைப் பார்க்கத்தான் போகிறாள் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தை அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இருட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு அவசரமாக வந்தவள் ஏன் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை என்று யோசித்தபடி நான் வாசற்படியிலேயே நின்றேன்.