கரம்பு

சுனாமிக்கு அடுத்த சித்திரை. மரக்காணத்தில் உப்பு ஏற்றி லாரியில் வந்தபோது, உப்புப் பூத்து வெளுத்த வயலில் ஒரு பெரியவர் தனியாக நின்றார். மஞ்சள் பூசிய மண்வெட்டியால் நீளமாக ஒரே ஒரு கோடு கீறிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொட்டல்ல என்னங்க பண்றீங்க?"

"பொட்டல் இல்லப்பா, கரம்பு. உழுத நெலத்த சும்மா போட்டா கரம்பு. மனுசன் தொடாததுதான் பொட்டல். கடல் தண்ணி ஏறிடுச்சு, பசங்க மெட்ராஸ் போயிட்டாங்க. வருசப் பொறப்புக்கு ஏர் பூட்ட மாடும் இல்ல. ஒரு கோடாவது கீறலன்னா இது பொட்டலாயிடும்ல?"

வரப்பில் ஒருவருக்கான சோற்றுத் தூக்கு இருந்தது.

மறு சித்திரையில் அங்கே லாரியை நிறுத்தினேன். கோடு இல்லை.

"வெறும் பொட்டலா கெடக்குது, இங்க ஏன் நிறுத்தினீங்க?" என்றார் உடன் வந்த உப்பு வியாபாரி.

"கரம்புங்க" என்றேன்.