அப்பாவின் கையை மூடிய துண்டு

அப்பாவின் வலக்கை மணிக்கட்டோடு போனபோது எனக்கு ஏழு வயது. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அரவை ஆலையில் அவருக்கு வேலை. ஒருநாள் பஞ்சோடு சேர்த்துக் கையையும் உருளை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர், இடக்கையால் சாப்பிடக் கூசி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஏழு வயதில் எதுதான் வேடிக்கையாக இல்லை?

கை போனவனுக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் சட்டம் ஏதும் கிடையாது. ஆலைத் துரை மனம் வைத்தால் உண்டு. அம்மாவின் அண்ணன், என் மாமா, தாலுகா கச்சேரியில் நகல் எழுதுகிறவர். அவர்தான் இங்கிலீஷில் இரண்டு பக்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். துரை முகம் சுளிக்காதபடி, கை போனதை ‘கையில் பலத்த காயம்’ என்று மரியாதையாக எழுதியிருந்தாராம். ஈடு கிடைத்தால் இரண்டு எருமை வாங்கிப் பால் ஊற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகவேண்டும், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் அவள் பின்னால் போகவேண்டும். இதை என் காதுபடவே பலமுறை பேசினார்கள்.

துரையைப் பார்க்கப் போகும் நாளில் அம்மாவுக்கு ஒரே கவலை, மரியாதையைப் பற்றி. பெரிய மனிதர் முன்னால் துண்டைத் தோளில் போடக்கூடாது, கைகட்டி நிற்கவேண்டும். இல்லாத கையை எப்படிக் கட்டுவது? அம்மா வெகுநேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வெளுத்த துண்டை மடித்து, வலக்கையின் முனை தெரியாமல் போர்த்தி, அதன்மேல் இடக்கையை வைக்கச் சொன்னாள். தள்ளி நின்று பார்த்தால் சாட்சாத் கைகட்டி நிற்பதுபோலவே இருந்தது.

"காலங்காத்தால மூளிக்கைய அவுக முகத்துக்கு நேரா காட்டிராதிய" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "ஏட்டி, நீ அப்பாக்கு வலப்பக்கமா நில்லு. துண்டு நழுவுச்சுன்னா பைய இழுத்து வுடு. தொரைக்கு எலுமிச்சம்பழத்த நீயே குடு, இடக்கையால குடுத்தா ஆகாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆலை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். அப்பா இடக்கையால் என்னைப் பிடித்துக்கொண்டார், அவர் வேட்டி நனையாமல் நான் பிடித்துக்கொண்டேன். அக்கரையில் ஏறியதும் துண்டைச் சரிசெய்தேன்.

துரை எதிரில் எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி மேஜைமேல் வைத்தார். ஆலையில் கணக்கெழுதும் ரைட்டர் மனுவைப் படித்தார். படிக்கப் படிக்கத் துண்டு நழுவிக்கொண்டே வந்தது. நானும் இழுத்து இழுத்து விட்டேன். படித்து முடித்ததும் துரை நிமிர்ந்து அப்பாவைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கட்டிய கைகள். அவர் என்னவோ கேட்க, ரைட்டர் தமிழில் சொன்னார்.

"ஆளு நல்லாத்தானே நிக்கான், கை ஆறிட்டுல்லான்னு தொரை கேக்காரு."

பெரியவர்கள் நலம் விசாரித்தால் என்ன சொல்லவேண்டுமோ அதை அப்பா சொன்னார்.

"ஆமா தொரை, ஒங்க புண்ணியத்துல ஆறிட்டு."

ரைட்டர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். துண்டுக்குள் கை இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. கை போன அன்று கூட நின்றவர் அவர். ஆனாலும் அவர் துண்டையும் தொடவில்லை, அதைப் பற்றி வாயையும் திறக்கவில்லை. துரை நீலப் பென்சிலால் மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதிவிட்டு, எனக்கு ஒரு பிஸ்கோத்து கொடுத்தார்.

வெளியே வந்ததும் அப்பா ரைட்டரைப் பார்த்து நின்றார்.

"ஆறினதுக்கு என்னவே ஈடு? வீட்டுக்குப் போவும், தொரை பாத்தாச்சுல்லா" என்றார் ரைட்டர்.

திரும்பும்போது அப்பா ஆற்று நடுவில் குனிந்து, இடக்கையால் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார். துண்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது. நான் பாய்ந்து எடுத்துப் பிழிந்து, மறுபடியும் கையைப் போர்த்திவிட்டேன். அப்பா தடுக்கவில்லை.

வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கையப் பாத்த பொறவுமா இல்லன்னுட்டாரு?" என்று கேட்டாள்.

அப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கைய அவரு பாக்கவே இல்லம்மா! ஒரு தடவகூட நழுவ வுடலியே நான்!"

அம்மா நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் சொன்னது அவள் காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

"அவள ஒண்ணுஞ் சொல்லாத. புள்ள நல்லாத்தான் பாத்துக்கிட்டா" என்றார் அப்பா.

அந்த ஒரு சொல் எனக்குப் போதும். ஈரத்துண்டை நானே கொடியில் காயப்போட்டேன். பிறகு பிஸ்கோத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய், நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.