டார்லீனுக்கான பதினொரு சொற்கள்

லோவெல் புரூயிட் அமெரிக்காவின் டொலிடோ நகரில் முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்தவர். சனிக்கிழமைகளில் அவர் வர்கோத் வீரர். மூன்றே ஆண்டு ஓடி நின்றுபோன ஒரு தொலைக்காட்சித் தொடரின் போர்க்குலம் வர்கோத். அவர்களுடைய சரித்திரத்தையும் மொழியையும் காப்பதற்காக, பவுலிங் கூடம் ஒன்றின் பின்னறையில் எங்கள் சங்கம் கூடும். சொற்பதிவேடு என் பொறுப்பு. திரையில் ஒலித்த சொற்கள் 1,412. எந்தப் பகுதி, எந்த நிமிடம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்திருக்கிறேன். திரையில் ஒலிக்காத சொல்லை யாராவது சொன்னால், கேட்டவர்கள் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பொய்ச்சொல்லுக்கு வர்கோத் செய்வது அதுதான். இரண்டாம் ஆண்டு, ஏழாம் பகுதி.

லோவெல் தன் மனைவி டார்லீனைச் சந்தித்ததே எங்கள் சங்கத்தில்தான். கிழிந்த பேருந்து இருக்கைகளின் உறைகளை வெட்டி, உறுப்பினர் பதினான்கு பேருக்கும் கவசம் தைத்தவர் டார்லீன். 2009 மார்ச்சில் அவருக்குக் கணையத்தில் புற்று என்று தெரியவந்தது.

அடுத்த கூட்டத்தில் லோவெல் என்னிடம் கேட்டார்.

“எல்டன், செத்தவங்களுக்காக அழ உன் ஏட்டுல எத்தன வார்த்த இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. வெட்டுறதுக்கு இருபத்தாறு இருக்கு.”

“மூணு வருஷத்துல தொடர நிறுத்திட்டானுங்க. அழ எங்க நேரம்?” என்றார் இன்னொரு உறுப்பினரான துவைட்.

சிரித்தோம். லோவெலும் சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கிரீஸ் விரல் பதிந்த ஒரு தாளை எடுத்தார். அதில் பதினொரு சொற்கள் இருந்தன.

“நானே செஞ்சது. குழியோரம் நான் சொல்லுவேன், நீங்கல்லாம் திருப்பிச் சொல்லணும். டார்லீன் ஆசைப்படுறா. ஏட்டுல ஏத்திடு.”

“எந்தப் பகுதின்னு எழுதுறது?”

“எங்க வீட்டுச் சமையக்கட்டுன்னு எழுது.”

“இன்னிக்கு உனக்கு விட்டா, நாளைக்கு துவைட் பீட்ஸாவுக்கு ஒரு வார்த்த கொண்டு வருவான், லோவெல்.”

வாக்கெடுத்தோம். ஆதரவு இரண்டு, எதிர்ப்பு பன்னிரண்டு. ஆதரவில் ஒன்று லோவெலுடையது. மற்றது டார்லீன் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய சீட்டு.

ஜூன் 20 அன்று டார்லீன் அடக்கம். பன்னிரண்டு பேரும் அவர் தைத்த கவசத்தோடு போனோம். குழியருகே நின்று லோவெல் முதல் சொல்லைச் சொன்னார். நான் திரும்பிக்கொண்டேன். மற்ற பதினொருவரும் திரும்பினார்கள். மீதிப் பத்துச் சொற்களும் எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்காமல் கேட்டன. திருப்பிச் சொன்னது அவருடைய மகள் மார்சியின் குரல் மட்டும்தான்.

அதன்பின் லோவெல் வரவில்லை. அவருடைய கவசம் தபாலில் வந்தது.

2016இல் புதிய தொடர் வந்தது. அதில் வர்கோத் தலைவன் ஒருவன் சாகும்போது, சுற்றி நின்றவர்கள் நான்கு சொற்கள் சொன்னார்கள். 1,413 முதல் 1,416 வரை எண்ணிட்டு ஏற்றினேன்.

லோவெல் 2018 நவம்பரில் இறந்தார். எங்களில் மிஞ்சியிருந்த ஒன்பது பேர் போனோம். முறையான சொற்கள் இப்போது எங்களிடம் இருந்தன. நான்கையும் பிழையில்லாமல் சொன்னோம்.

முதல் சொல்லிலேயே மார்சி எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“அவ உறுப்பினரே இல்லியே, எப்பிடித் திரும்பலாம்?” என்று துவைட் முணுமுணுத்தார்.

விதிப்படி அவர் கேட்டது சரிதான். லோவெலின் தாள் ஏட்டின் பின்னட்டைக்குள் இருக்கிறது. அந்தச் சொற்களுக்கு நான் எண் இடவில்லை.