பதினாலாம் நம்பர் அறைக்காரர்கள்

லூவர்ன் பெட்டவே நீச்சல் கற்றுக்கொண்டபோது அவளுக்கு அறுபத்தொரு வயது. ஸ்கூல் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். வாரம் இருமுறை ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய், அங்கே பொதுக் குளத்தில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு வரிசையில் நின்று, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு விட்டு எடுத்தாள். எங்கள் சர்ச்சில் இதைப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். பாட்டுக்குழுவில் என் பக்கத்தில் நிற்கும் ஆர்லீதா நேராகவே கேட்டாள்.

"ஏன்டி லூவர்ன், ஞாயித்துக்கிழமைக்குன்னு அரை நாள் உக்காந்து சூட்டுச் சீப்பால சுருளை நிமிர்த்திச் சீவிக்கிட்ட முடியைக் கொண்டுபோய்த் தண்ணியில முக்குறியே, கிறுக்கா புடிச்சிருக்கு?"

"முடியை மறுபடி சீவிக்கலாம்" என்றாள் லூவர்ன்.

காரணம் ஆர்லீதாவுக்கும் தெரியும். அவளும் அதற்கு முந்தின ஜூன் மாதம் எங்களோடு ஆற்றங்கரையில் இருந்தவள்தான்.

சர்ச் பிக்னிக் அது. விலா இறைச்சி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. ட்ரெமெய்ன் என்ற பதினான்கு வயதுப் பையன் முழங்கால் தண்ணீரில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். மணல்திட்டு முடியும் இடம் தெரியாமல் ஓரடி பின்னால் வைத்தான். ஆள் காணாமல் போனான். கரையில் பெரியவர்கள் நிறையப் பேர் இருந்தோம். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆண்கள் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் போனவருக்குக் கழுத்தளவு வந்ததும் சங்கிலி அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கி எறிந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து அவனை எடுக்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம். அவன் முதல் வகுப்பிலிருந்து லூவர்னின் பஸ்ஸில் போய் வந்தவன். அவள் அன்று அழவில்லை. அவன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்திருந்தாள்.

அமெரிக்காவின் தெற்கே எங்கள் கார்வெல் ஊரில் கறுப்பர்கள் யாருக்கும் நீச்சல் தெரியாததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. டவுன் ஹாலுக்குப் பின்னால் பெரிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் போவார்கள். பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று சட்டம் வந்த அந்தக் கோடையில் எங்கள் பாதிரியார், துண்டும் கையுமாக எங்களில் சிலரை அங்கே கூட்டிப்போனார். லூவர்னுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு எட்டு. வாசலில் 'பழுது வேலை' என்று அட்டை தொங்கியது. அடுத்த வாரம் லாரி லாரியாகச் செம்மண் வந்து குளத்தை மூடியது. எல்லோரையும் உள்ளே விடுவதைவிட ஒருவரையும் விடாமல் இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். லூவர்னின் அம்மா வந்து அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "தண்ணியில இறங்கலன்னா செத்துப்போயிட மாட்ட. வா வீட்டுக்கு."

வெள்ளைக்காரர்கள் ஊருக்கு வெளியே பைன் தோப்புக்குள் கிளப் ஒன்றைக் கட்டி, அதில் குளம் வெட்டிக்கொண்டார்கள். இன்றும் அது இருக்கிறது.

பிறகு எவ்வளவோ மாறியது. லூவர்ன் பெரிய பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்தாள். எந்தக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஓட்டுப் போட்டாள். பஸ் ஓட்டுநரானாள். ஆரம்பத்தில் அவள் பஸ்ஸில் வெள்ளைப் பிள்ளைகளும் வந்தார்கள். வருடா வருடம் தனியார் பள்ளிக்குப் போய்க் குறைந்தார்கள். கடைசி வருடங்களில் பஸ் முழுக்க எங்கள் பிள்ளைகள்தான்.

நீச்சல் வசப்பட்டதும் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று கிளம்பினாள். முதலில் மேயரிடம் போனாள். மேயர் ரூஃபஸ் லேனியர் எங்கள் ஆள், எங்கள் சர்ச்.

"மிஸ் லூவர்ன், குளம் வெட்ட எங்க போவேன்? வரி கட்டுறவன் எல்லாம் ஊர் எல்லையைத் தாண்டி வீடு கட்டிக்கிட்டுப் போயிட்டான். சின்னப் பிள்ளைங்களுக்குத் தரையிலேருந்து தண்ணி பீச்சுற மாதிரி ஒரு தளம் போட்டுத் தரேன். இப்ப எல்லா ஊர்லயும் அதுதான்."

அடுத்து கிளப். வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். கறுப்பர் சேரக் கூடாதென்று விதி கிடையாது. இரண்டு உறுப்பினர்கள் பரிந்துரைத்தால் போதும். க்வென் ஹாத்காக் பரிந்துரைத்தாள். க்வென் வெள்ளைக்காரி, பள்ளியில் லூவர்னோடு படித்தவள். மண் போட்டு மூடிய அந்தக் குளத்தில்தான் அவள் நீச்சல் கற்றாள். இன்னொருவரையும் அவளே பிடித்துக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து, இடம் காலியில்லை, காத்திருப்போர் வரிசையில் பெயர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

க்வென் லூவர்னின் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"எனக்கே வெட்கமா இருக்கு லூவர்ன். நானும் விலகிடலாம்னு பாக்கறேன். ஆனா பேரப் பிள்ளைங்க..."

"நீ விலகி எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள் லூவர்ன். "உனக்கு நல்லா நீந்தத் தெரியுமில்ல? வாரத்துல ரெண்டு நாள் காலையில வா. பிள்ளைங்களைப் பிடிச்சுக்க எனக்கு இன்னொரு கை வேணும்."

"எங்க?"

"இடம் பாத்துட்டு சொல்றேன்."

இடம் கொடுத்தவர் மகேந்திர பட்டேல். நெடுஞ்சாலை ஓரம் மோட்டல் வைத்திருப்பவர். ஊரார் அவரை மைக் என்பார்கள். முந்தின இரவு தங்கியவர்கள் கிளம்பிய பிறகு, புதியவர்கள் வரும்வரை மோட்டல் குளம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். லூவர்ன் வாரா வாரம் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அது அவருக்கு உள்ளூரப் பிடிக்காது என்று பிறகு தெரிந்தது.

நன்றாகத்தான் போனது. இரண்டாம் கோடையில், குடும்பத்தோடு வந்து ஒரு நாள் கூடுதலாகத் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் குளத்துக்கு வந்தார். பிள்ளைகளைப் பார்த்தார். க்வெனைப் பார்த்தார். நேரே பட்டேலைக் கூப்பிட்டார்.

"குளம் இங்க தங்குறவங்களுக்கு மட்டும்னு போர்டு வச்சிருக்கீங்களே."

"ஆமா சார். நான் வச்சதுதான்."

"அப்ப இவங்கெல்லாம்?"

பட்டேல் திரும்பி ஆபீசுக்குள் போனார். துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த நான், இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். பிள்ளைகளைக் கரையேறச் சொல்லி லூவர்ன் கையைக் காட்டிவிட்டாள். பட்டேல் ஒரு சாவியோடு திரும்பி வந்தார்.

"மேடம், உங்க ரூம் சாவியை என் மேஜையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்க. பதினாலு."

லூவர்ன் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "மறதி அதிகமாயிடுச்சு மைக்" என்றாள்.

அந்த மனிதர் சாவியில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு தன் துண்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

அன்று முடிந்ததும் லூவர்ன் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். பட்டேல் வாங்கவில்லை. "வச்சுக்குங்க. நான் இங்க வந்த புதுசுல எதிர் மோட்டல்காரன் 'அமெரிக்கர் நடத்துவது'ன்னு பெருசா எழுதி வச்சான். இவங்களையெல்லாம் எனக்குப் பழக்கம்" என்றார். அது முதல் எங்கள் பிள்ளைகளுக்குப் பதினாலாம் நம்பர் அறைக்காரர்கள் என்று பேர் வந்துவிட்டது.

மேயர் சொன்னபடியே தளம் போட்டார். திறப்பு விழாவில், நம் பெரியவர்கள் அடிபட்டு ஜெயிலுக்குப் போய்க் கேட்ட சமத்துவம் இந்த ஊரில் இன்று வந்துசேர்ந்துவிட்டது என்று பேசினார். பிள்ளைகள் தண்ணீர்ப் பீச்சலுக்குள் ஓடினார்கள். மேயர் மேடையிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தார்.

"கை தட்டின மாதிரியே தெரியலையே மிஸ் லூவர்ன்."

"தட்டினேனே."

"எங்கப்பா அந்த டவுன் ஹால் தரையைத் துடைச்சவர். இன்னிக்கு அதுல நான் மேயர். இது ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லைன்னு யார் சொன்னா? உனக்கு ஓட்டுப் போட ஆள் ஏத்திக்கிட்டு வந்ததே நான்தான். எங்கம்மா இதைப் பாத்திருந்தா நம்பியிருக்க மாட்டா. ஆனா ரூஃபஸ், இந்தத் தண்ணி கணுக்காலுக்கு மேல வரலை."

மேயர் சிரித்தார், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. "என்னால ஆனது இவ்வளவுதான்" என்றார்.

"தெரியும். உன்னை மட்டும் சொல்லலை" என்றாள்.

நான்கு கோடைகள் அப்படிப் போயின. பிறகு பட்டேலுக்கு முதுகுவலி முற்றி, மோட்டலை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போனார். புதிய மேனேஜர், இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்ளாது என்று சொல்லிக் குளத்துக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டான்.

அதே நேரம் கிளப்புக்கும் ஆள் குறைந்துபோனது. வயதானவர்கள் செத்தார்கள், இளையவர்கள் நகரத்துக்குப் போனார்கள். யாரும் சேரலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். லூவர்ன் மறுநாளே போய்ச் சேர்ந்தாள். ஆர்லீதாவுக்குக் கோபம்.

"வேண்டாம்னு சொன்னவனுக்கே போய்ச் சந்தா கட்டுறியே, மானமில்லையா?"

"தண்ணி அங்கதானே இருக்கு?"

ஓர் உறுப்பினர் தன்னோடு இரண்டு விருந்தாளிகளை அழைத்துவரலாம் என்பது கிளப் விதி. அதனால் சனிக்கிழமை தோறும் இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போகிறாள். க்வென் தன் கணக்கில் இன்னும் இருவரை உள்ளே கூட்டிவருகிறாள். முதல் நாள் சிலர் எழுந்து போனார்கள். இப்போது அப்படி எழுந்து போகிறவர்கள் குறைவு. பேச வருகிறவர்களும் அதிகமில்லை.

"ஊர்ல இத்தனை பிள்ளைங்க இருக்கு. நாலு நாலா கூட்டிப்போனா எப்ப முடியறது?" என்று போன வாரம் ஆர்லீதா கேட்டாள்.

"எனக்கு முட்டி வலிக்குது, நீயும் வந்து கத்துக்கிட்டா சீக்கிரம் முடியும்" என்றாள் லூவர்ன்.

அவளுக்கு இப்போது கண் சரியில்லை. காரை நான்தான் ஓட்டுகிறேன். உள்ளே வந்து ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன். "நீ வந்தா ஒரு பிள்ளைக்கு இடம் போயிடும்" என்றாள். ஆகவே பைன் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு அவர்கள் வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.